எண்ணெய்க் கிண்ணத்தில் பார்த்த முகம்

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாதத்தில் கரு நின்றால் பிள்ளை சித்திரையில் பிறக்கும், சித்திரையில் பிறக்கும் தலைப்பிள்ளை தகப்பனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அதற்காக ஒரு மாதம் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்பார்கள். புதுத்துணி எடுத்துக் கொடுத்து, சீர் வைத்து, சிரித்த முகமாகப் பிரிப்பார்கள். அப்படித்தான் திருப்பரங்குன்றத்தில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து என்னைக் கோச்சடைக்கு அழைத்து வந்தார்கள்.

பிரித்து வைத்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. என் கணவருக்குக் கப்பலூரில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. ஷிப்ட் முடிந்து மத்தியானம் வெளியே வருகிறவர் நேராக வீட்டுக்குத்தான் போகிறாரா என்று எந்த மாமியார் போய்ப் பார்க்க முடியும்? எங்கள் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை, சாயங்காலம்தான் திரும்புவாள். அப்பா குவைத்தில் டிரைவர், வீடியோ காலில் மட்டும் வருவார். வீட்டில் இருந்தது தம்பிதான். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். வாசலில் பைக் சத்தம் கேட்டதும், "அக்கா, லைப்ரரிக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவான். அவன் லைப்ரரிக்குப் போகிற ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

ஆக, எதற்காகப் பிரித்து வைத்தார்களோ அதுவே நடந்தது. டாக்டர் அட்டையில் பிரசவத் தேதியை எழுதிக் கொடுத்தார். மாமியார் அதைத் தினசரிக் காலண்டரில் தேடிப் பார்த்தார். சித்திரை நடுவில் வந்து நின்றது. காலண்டரை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏத்தா, ஆடிக்கு உங்கம்மா வீட்டுக்குத்தான போன?" என்பது. நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

அவரை நான் வில்லியாக எழுதப் போவதில்லை. எழுத ஆசைதான், ஆனால் முடியாது. என் கணவரே சித்திரையில் பிறந்தவர். அவருக்கு ஒரு வயது நிரம்பும் முன் அவருடைய அப்பா வயலில் மோட்டார் போடப் போய் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். அதன் பிறகு அப்பா வழிச் சொந்தத்தில் யாரும் அந்தப் பிள்ளையைத் தூக்கவில்லையாம். கல்யாண வீடுகளில் மாமியார் பிள்ளையோடு கடைசிப் பந்தியில் உட்காருவாராம். இதை என் கணவர் ஒருநாள் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "என்னைய ஒரு மாதிரியா பாப்பாங்க. பயந்து பாப்பாங்க. சின்னப் புள்ளைல எனக்கு அது ஏன்னு தெரியாது."

அன்றைக்கு நான் வயிற்றில் கை வைத்து ஒரு சத்தியம் செய்துகொண்டேன். இந்தப் பிள்ளை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் பிறக்கட்டும், எந்த நட்சத்திரத்தில் வேண்டுமானாலும் பிறக்கட்டும். இதை ஒரு ஆள்கூடப் பயந்து பார்க்கக் கூடாது. அப்படிப் பார்க்கிற ஆளை என் வீட்டு வாசல்படி ஏறவிட மாட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் சத்தியம் செய்ய ஒரு செலவும் இல்லை.

வளைகாப்பு முடிந்து கோச்சடைக்கு வந்த பிறகு சுகப்பிரசவத்துக்கு என்னைத் தயார் செய்துகொள்ள ஆரம்பித்தேன். பரீட்சைக்குப் படிப்பதைப் போலப் படித்தேன். விடிந்ததும் வைகைக் கரைச் சாலையில் நடை. தம்பி கூட வருவான். முந்தின வருடம்தான் அவன் நான்கு வழிச்சாலையில் பைக்கோடு விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து எழுந்திருந்தான். இடது கால் இன்னும் லேசாக இழுக்கும். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அவன் காலை இழுத்துக்கொண்டு. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தினமும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து எழுவது, பாதங்களை ஒட்டவைத்து முழங்காலை ஆட்டுவது என்று யூடியூப் பார்த்து எல்லாம் செய்வேன். அந்த யூடியூப் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு, வலியை அலையாக நினையுங்கள், உடம்பு பூவாக மலர்வதை மனதில் பாருங்கள் என்பார். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும், வீட்டக் குனிஞ்சு கூட்டு" என்று விளக்குமாற்றைக் கையில் கொடுப்பாள்.

தம்பிக்கு இந்தப் பிள்ளை விஷயத்தில் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. பிள்ளை பிறந்ததும் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதை நாங்கள் சேனை வைப்பது என்போம். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "சேனை நான்தான் வைப்பேன். தாய்மாமன் நான் இருக்கும்போது வேற எவனும் வைக்கக் கூடாது" என்று அவன் அஞ்சாம் மாதத்திலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டான். உன் குணம் வந்தால் பிள்ளை லைப்ரரிக்குத்தான் போகும் என்று கிண்டல் செய்தேன். "போகட்டும்க்கா. நல்லதுதான?" என்றான்.

பங்குனி பாதியில் மாமியார் வந்தார். மஞ்சள் தடவிய தாளில் ஒரு தேதி. பங்குனி முடிய நான்கு நாள் இருக்கும்போது, நல்ல நட்சத்திரம், காலை ஒன்பதுக்குள். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும்.

"இன்னும் மாசம் நிறையலயே அத்தை" என்றேன்.

"இந்தக் காலத்துல அதெல்லாம் பெருசா? பெட்டிக்குள்ள வச்சுப் பாத்துக்கிருவாங்க" என்றார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "ஏத்தா, நான் பட்டது போதும். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்."

எங்கள் டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பிள்ளையும் நல்லா இருக்கு, தாயும் நல்லா இருக்கு. நல்லா இருக்கிற வயித்த நான் எதுக்கு அறுக்கணும்?" மாமியார் அசரவில்லை. சொன்ன தேதியில் செய்து தருகிற வேறொரு ஆஸ்பத்திரியை இரண்டே நாளில் பிடித்துவிட்டார். என் கணவர் வாயே திறக்கவில்லை. தன் அம்மாவையும் சமாதானப்படுத்த முடியாது, என்னையும் முடியாது என்று ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு கம்பெனியே கதியென்று கிடந்தார். அந்த மௌனத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. சண்டை வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் போடுவேன்.

எனக்காகப் பேசியது தம்பிதான். மாமியார் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவன் எதிரில் நின்று சொன்னான். "அத்தை, மாசத்துல என்ன இருக்கு? மாமா சித்திரைல பிறந்தாரு. அவருனால ஒருத்தரும் சாகல. மோட்டார் வயரு அந்து கிடந்துச்சு, அதான் செத்தாரு. எங்கக்காவ யாரும் அறுக்க வேண்டாம்." அம்மாகூட அவன் கையைப் பிடித்து இழுத்தாள், இம்புட்டுப் பேசாதடா என்று. மாமியார் எழுந்து போனார். போகும்போது காபியைத் தொடவே இல்லை. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. என் பிள்ளைக்காக ஒரு ஆள் பயமில்லாமல் நிற்கிறான். அது என் தம்பி.

பங்குனி போயிற்று. சித்திரை பிறந்தது.

வலி ஒரு விடிகாலையில் வந்தது. இது சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்க அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சூட்டு வலி என்றால் அடங்கும். இரண்டு டம்ளர் குடித்தும் அடங்கவில்லை, கூடியது. தம்பி ஆட்டோ பிடித்து வந்தான். அவன் தோளில் ஒரு பை. அதற்குள் பழைய துணிகளோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் சீனித் தண்ணீரும் இருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலந்ததாம். "டாக்டர் திட்டுனா விரல நனைச்சு ஒரு சொட்டு மட்டும்" என்றான். திருவிழா நேரம், தெருவெல்லாம் ஆள். ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் டிரைவர் தன் உயிரே போகிற மாதிரி, "மன்னிச்சுக்கத்தா, மன்னிச்சுக்கத்தா" என்றார். அன்று முழுவதும் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

சுகப்பிரசவம் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. நிச்சயம் பெற்றவர் இல்லை. பிரசவ அறைக்குள் அம்மாவை விடவில்லை. இரும்புக் கட்டில், மேலே ஒரு மின்விசிறி, காலை மாட்டிவைக்க இரண்டு கம்பிகள். யூடியூப் அம்மா சொன்ன அலை வந்தது. அலை இல்லை அது. யாரோ என் இடுப்பை முறத்தைப் போல இரண்டு பக்கமும் பிடித்து மடித்தார்கள். பூ மலர்வதை நினைத்துப் பார்த்தேன். எந்தப் பூவும் இப்படிக் கத்திக்கொண்டு மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் கத்தியதும் ஆயாம்மா, அந்த அறையில் எல்லாப் பெண்களிடமும் புருஷனை இழுத்துச் சொல்லப்படும் அந்த வார்த்தையை என்னிடமும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும். மூன்று மாதம் குனிந்து கூட்டியதும், நடந்ததும், பேரீச்சம்பழம் தின்றதும் அந்த ஒரு வார்த்தையில் தூசியாகப் பறந்துவிட்டன. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போலக் கிடந்தேன்.

சிஸ்டர் மட்டும் நல்ல மாதிரி. நடுவயதுக்காரர். "அழுகாதத்தா, மூச்ச வீணாக்காத. வலி வாரப்ப கீழ முக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கதவுக்கு வெளியே தம்பியின் குரல் அவ்வப்போது கேட்டது. "சிஸ்டர், அக்கா எப்படி இருக்கு? சிஸ்டர், இன்னும் எம்புட்டு நேரம்?" காலையில் கேட்ட அதே கேள்வியை மத்தியானமும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவேளை அவன் குரல் கேட்காமல் இருந்திருந்தால், ஆறு மணி நேரத்தில் நானே ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்தக் குரலுக்காகத்தான் பல்லைக் கடித்தேன். எனக்காக அத்தை முன்னால் நின்று பேசியவனை ஏமாற்றக் கூடாது என்று கடித்தேன்.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். கேட்காமலே கத்தரித்தார்கள். தலை வந்தது. ஒரு நிமிடம் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "பாருங்க மகாராணிய, மாலை போட்டுக்கிட்டே வாராங்க" என்றார். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்திருக்கிறது. டாக்டரம்மா அதை விரலால் தலைக்கு மேலே தூக்கி எடுத்துவிட்டார். "லூசாத்தான் இருக்கு. நிறைய பிள்ளைக்கு இருக்கும், ஒன்னும் இல்ல." அடுத்த மூச்சில் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து, கத்தியது. பெண் பிள்ளை. என் நெஞ்சில் போட்டார்கள். சூடாக, பிசுபிசுவென்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, என் மேல் ஏதோ வழக்கு இருப்பதைப் போலப் பார்த்தது. பிறகு சிஸ்டர் அதைத் துண்டில் சுற்றி வெளியே காட்டக் கொண்டுபோனார். எனக்குத் தையல் போட ஆரம்பித்தார்கள்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். தாய்மாமன் அந்தப் பிள்ளையை நேரடியாகப் பார்க்கக் கூடாது. பதினாறாம் நாள் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பிள்ளையின் முகத்தை அதில் விழவைத்து, முதலில் அதைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் நேரில். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எம்.எஸ்.சி. படித்த மாமன்களும் எண்ணெயில்தான் பார்த்திருக்கிறார்கள்.

என்னை அறைக்கு மாற்றியபோது அம்மா மட்டும் பிள்ளையோடு இருந்தாள். தம்பி எங்கே என்று கேட்டேன். "துணி எடுத்துட்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சிறிது நேரத்தில் வராந்தாவில் சத்தம் கேட்டது. துணியோடு திரும்பியவனை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கொடி சுத்திப் பிறந்திருக்குடா. பதினாறு நாள் பொறு." அவன் முதலில் சிரித்தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறான். பிறகு, "காலைல இருந்து இங்கதான நிக்கிறேன்? அத்தைக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?" என்று கத்தினான். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவன் இறங்கிப் போகிற சத்தம். இழுக்கிற காலுக்கு மாடிப்படியில் ஒரு தனிச் சத்தம் உண்டு.

சாயங்காலம் என் கணவர் வந்தார். கூட மாமியார். நான் திகிலோடு பார்த்தேன். மாமியார் பிள்ளையை இரண்டு கையாலும் வாரி எடுத்து, மகனிடம் நீட்டி, "பாருடா, நல்லாப் பாரு. உன்னைய மாதிரி கடைசிப் பந்தில உக்கார விட்றாத" என்றார். அவ்வளவுதான். அதுவரை சித்திரை சித்திரை என்று என் உயிரை வாங்கிய மனுஷி. நான் யாரை எதிரி என்று நினைத்துச் சண்டை போட்டேனோ அவர் என் பிள்ளையை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. தையல் வலித்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் தம்பி வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. ஒரே கூரையின் கீழ் இருந்தால் கண்ணில் பட்டுவிடுமே. திருப்பரங்குன்றத்தில் ஒரு நண்பனுடைய அறையில் போய்த் தங்கினான். தினமும் போன் செய்வான். "பாக்கத்தான் கூடாது, போட்டோவாவது அனுப்புக்கா." போட்டோவும் ஆகாது என்று அம்மா சொல்லியிருந்தாள். என் போனில் அப்போதே நூறு படம் இருந்தது. அப்பாவுக்குக் குவைத்துக்கு அனுப்பியிருந்தேன். தம்பிக்கு ஒன்றைத் தட்டிவிட எத்தனை நொடி ஆகும்? நான் அனுப்பவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் சத்தம் போடுவாள்டா என்றேன்.

அவன் கொண்டுவந்த பையை ஒருநாள் பிரித்தபோது அடியில் அந்த டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். சீனித் தண்ணீர் புளித்து நுரைத்துப்போயிருந்தது. தையல் இழுக்க, ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்க் கழுவி வைத்தேன்.

பதினாறாம் நாள் காலை வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அம்மா வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் கூடத்தில் வைத்தாள். அவனை உட்காரவைத்து, அவன் முதுகுப் பக்கமாக நின்று பிள்ளையை அவன் தோளுக்கு மேலே பிடித்தாள். எண்ணெயில் பிள்ளையின் முகம் மஞ்சளாக ஆடியது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "மூக்கு உன்னைய மாதிரிக்கா" என்றான். பிறகு திரும்பினான். அம்மா பிள்ளையைக் கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் என் மடியில் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஒரு பச்சப்புள்ளையப் பாத்து நான் சாவேன்னு நினைச்சுட்டியேம்மா. உனக்கும் அத்தைக்கும் என்னம்மா வித்தியாசம்? அத்தையாவது கையில வாங்கிட்டாங்க" என்றான்.

நானும் சேர்ந்துகொண்டேன். "ஆமாம்மா. உன்னாலதான் எல்லாம். சேனை வைக்கணும்னு அம்புட்டு ஆசையா இருந்தான். அதையும் கெடுத்துட்ட" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

பிரசவ அறையில் நடந்த ஒன்றை எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன். மறந்து அல்ல. மூன்று வருடமாக எல்லாரிடமும் இந்தக் கதையை இப்படித்தான் சொல்லி வருகிறேன், அந்தப் பழக்கம்.

பிள்ளையைத் துண்டில் சுற்றிய சிஸ்டர் கதவுப் பக்கம் போனபோது, "தாய்மாமன் காலைல இருந்து தவங்கிடக்காரு, அவருட்டத்தான் மொதல்ல காட்டப் போறேன்" என்றார். தம்பி நினைவில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயில் குழாய், மொட்டை அடித்த தலை. காலைத் தூக்கிக் கம்பியில் மாட்டியிருந்த நிலையில், தையல் போடத் தொடங்குவதற்குள், நான் தலையை உயர்த்திக் கத்தினேன்.

"சிஸ்டர், தம்பிட்ட காட்டாதீங்க! அம்மாவ மட்டும் கூப்பிட்டுக் காட்டுங்க!"

பிள்ளை கத்திய கத்தலில் கதவுக்கு வெளியே நின்ற தம்பிக்கு அது கேட்டிருக்காது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்தானே, புரிந்திருக்கும். கையிலிருந்த பிள்ளையின் மேல் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போனார். என் பிள்ளை பிறந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் அதன் முகத்தை மூடவைத்தது நான். அதைப் பயந்து பார்த்த முதல் ஆள் மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை.

பதினாறாம் நாள், தம்பி போன பிறகு, அடுப்படிக்குப் போனேன். அம்மா எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"சிஸ்டர் எங்கிட்ட சொல்லிட்டாங்கடி."

அவ்வளவுதான். அம்மா தானாக அப்படிச் செய்திருக்க மாட்டாளா என்று என்னையே கேட்டுப் பார்ப்பேன். செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். அவளுக்கு அந்த யோசனை வருவதற்குள் நானே செய்துவிட்டேன். அதனால் அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். தீபாவளிக்கு வருவான், மறுநாளே போய்விடுவான். என் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். என்னிடம் எப்போதும் போலத்தான். அம்மாவிடம் மட்டும் சாப்பாடு போடு, தண்ணி கொடு என்பதற்கு மேல் பேச்சில்லை. யாராவது கேட்டால், "எங்கம்மாவுக்கு நானும் ஒரு எண்ணெய்க் கிண்ணமும் ஒன்னு" என்பான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அவனுக்கு இன்னொரு தோசை வைப்பாள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. காதுகுத்து இரண்டு முறை தள்ளிப் போய்விட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அவனுக்கோ லீவு கிடைப்பதில்லை. போன வாரம் போன் செய்து அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன் என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள், "மாமா, எப்ப வருவீங்க?" என்று கத்தினாள். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்டா தங்கம். உங்க அம்மாச்சிட்ட சொல்லு, மாமன் நேராவே பாத்துக்கிருவேன், எண்ணெய எடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பழக்கத்தில் வந்த சிரிப்பு. போனை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவன்ட்ட நான் சொல்லிடுறேம்மா. இந்தத் தடவை வரட்டும், சொல்லிடுறேன்" என்றேன்.

அம்மா பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள்.

"சும்மா கெட. என் மேல கோவமா இருந்தா தீபாவளிக்காவது வாரான். உன் மேல கோவப்பட்டான்னா யாரு மடியில வச்சுக் காது குத்துவ?"